பக்கத்துப் பாய்க்காரி

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை என்றால் விடிவதற்கு முன்பே போர்டிங் முழுக்கத் தேங்காய் எண்ணெய் மணக்கும். மற்ற நாட்களில் பெரிய அக்கா ஒருத்தி கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, வரிசையில் வருகிற தலைகளில் ஆளுக்கு நாலு சொட்டு வைத்துத் தேய்த்துத் தள்ளிவிடுவாள். அன்றைக்கு மட்டும் ஆள் பார்க்க வருகிற நாள் என்பதால், பிள்ளைகளைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று எந்தத் தாயும் சொல்லிவிடக் கூடாதென்று வார்டனக்காவே எண்ணெய்ச் செம்போடு வந்து நிற்பார். எண்ணெய் காதோரம் வழிந்து கழுத்துக்கு இறங்க, ரெட்டைச் சடையை மடித்துக் கட்டிய கறுப்பு ரிப்பனும், ட்ரங்குப் பெட்டியின் அடியில் பாச்சா உருண்டை வாசனையோடு கிடந்த நல்ல பாவாடையுமாக ஏழு மணிக்கே கேட்டுக்குப் போய்விடுவோம். தூத்துக்குடியிலிருந்து வருகிற முதல் பஸ் ஒன்பதரைக்குத்தான் வரும் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் நிற்போம். நான் கேட்டின் மூன்றாவது கம்பியில் ஏறி நிற்பேன், அதில் நின்றால் வளைவில் திரும்பும் பஸ்ஸின் நெற்றி மட்டும் மற்றவர்களுக்கு முந்தி எனக்குத் தெரியும் என்று ஒரு பெருமை.

ஊர் திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகிற ரயில் பாதையை ஒட்டி இருந்தது. எந்தப் பக்கம் பார்த்தாலும் பனை, பனைக்கு அப்பால் தேரிக்காட்டின் செம்மண், ஆடி மாதக் காற்றில் அந்த மண் எழும்பி வந்து உலர்த்திய துணியெல்லாம் செங்கல் நிறமாகிவிடும். மீட்டர்கேஜ் ரயில் ஊதுகிற சத்தத்தை வைத்துத்தான் எங்களுக்கு நேரம் தெரியும், காலை ரயிலுக்குக் கோதுமை ரவை உப்புமா, சாயங்கால ரயிலுக்குப் படிப்பு. உப்புமாவில் கிடக்கிற புழுவை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்து, யாருக்கு அதிகம் என்று போட்டி போடுவோம். ஜெயித்தவளுக்குப் பரிசு ஒன்றும் கிடையாது.

எனக்கு அம்மா இருந்தாள். போர்டிங்கில் இருந்த பெரும்பாலான பிள்ளைகளுக்கு அம்மாவோ அப்பாவோ, அதுவும் இல்லையென்றால் ஒரு பாட்டியோ இருந்தார்கள். ஊரில் எங்களைப் பார்க்கிறவர்கள் 'பாவம், அனாதைப் பிள்ளைங்க' என்று உச்சுக்கொட்டும்போது எனக்குக் கோபமாக வரும். என் அப்பா உப்பு லாரியில் லோடு ஏற்றப் போய் ஒருநாள் திரும்பி வரவில்லை, அம்மா அளத்து வேலைக்குப் போனாள், அவ்வளவுதான். உப்பளத்து வேலை வெயில் ஏறுவதற்குள் முடிய வேண்டும், அதனால் இருட்டோடு மூன்று மணிக்கே பெண்கள் கூட்டமாகக் கிளம்பிவிடுவார்கள். பாத்தியில் வாரிக் குவித்த உப்பைப் பெட்டியில் அள்ளித் தலைச்சுமையாகக் கரையேற்ற வேண்டும். ஒற்றை அறைக் குடிசையில் ஒரு பெண்பிள்ளையைத் தனியாகப் பூட்டிவிட்டுப் போக அம்மாவுக்கு மனசு வரவில்லை. மூணு வேளைச் சோறும் பள்ளிக்கூடமும் பாதுகாப்பும் கிடைக்கும் என்று யாரோ சொல்லக் கொண்டுவந்து விட்டாள்.

பக்கத்துப் பாய்க்காரி எனக்கு அப்புறம் வந்தவள். படுக்கை வரிசையில் என் பாய்க்கு அடுத்த பாய் அவளுடையது, அதனால் அந்தப் பெயர், இன்றைக்கும் நான் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறேன். எங்கிருந்து வந்தாள், யார் கொண்டுவந்து விட்டார்கள் என்பதெல்லாம் ஆபீஸ் அலமாரியில் இருந்த ஏதோ ஒரு தாளுக்குத்தான் தெரியும். ராத்திரி என் போர்வையை முழுக்க உருவிக்கொள்வாள், காலையில் கேட்டால் போர்வை தானாக வந்தது என்பாள். ஆள் பார்க்கிற ஞாயிறுகளில் மட்டும் அவளுக்குத் திடீரென்று துணி துவைக்கிற வேலை வந்துவிடும். வேப்பமரத்தடியில் அம்மாமார்கள் துண்டை விரித்து உட்கார்ந்து பொட்டலம் பிரிக்கும்போது, அவள் அடிபம்படியில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தப்புத்தப்பென்று அடித்துக்கொண்டிருப்பாள்.

அம்மாதான் முதலில் கண்டுபிடித்தாள். "ஏட்டி, அந்தப் பிள்ளை ஏன் துவைச்ச துணியவே துவைக்கா?" என்று கேட்டாள். நான் வாய் நிறையச் சில்லுக்கருப்பட்டியை வைத்திருந்ததால் பதில் சொல்லவில்லை. உண்மையில் எனக்குப் பதில் தெரியும், பங்கு போய்விடுமே என்று சும்மா இருந்தேன். அம்மா எழுந்து போய் அவள் கையிலிருந்த பாவாடையைப் பிடுங்கி வாளியில் போட்டுவிட்டு, ஈரக்கையோடு இழுத்து வந்து எனக்கும் தனக்கும் நடுவில் உட்கார வைத்தாள். வறுத்த நெத்திலிக் கருவாட்டைச் சோற்றில் பிசைந்து அவளுக்கு ஒரு உருண்டை, எனக்கு ஒரு உருண்டை. அம்மாவின் விரல்கள் உப்பில் வெடித்து முரடாக இருக்கும், உருண்டையை வாங்கும்போது உள்ளங்கையில் பிறாண்டும். அவளுக்கு அது புதுசு, ஒவ்வொரு தடவையும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு சிரித்தாள்.

கடிதம் எழுதுகிற கதையைச் சொல்ல வேண்டும். மாதம் ஒரு தடவை எல்லாருக்கும் ஆளுக்கொரு தபால் கார்டு கொடுப்பார்கள், அப்போது அது பதினைந்து பைசா. எழுத வேண்டியதை வார்டனக்கா கரும்பலகையில் எழுதிப்போட்டுவிடுவார். 'அன்புள்ள அம்மாவுக்கு, நான் இங்கு நலமாக இருக்கிறேன், நன்றாகப் படிக்கிறேன், நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்' என்று நாங்கள் அத்தனை பேரும் ஒரே கடிதத்தை எழுதி, சாத்தூரிலும் கோவில்பட்டியிலும் தூத்துக்குடியிலும் இருந்த அத்தனை அம்மாக்களுக்கும் அனுப்புவோம். என் அம்மாவுக்கு எழுத்து தெரியாது. பக்கத்து வீட்டுப் பையன்தான் வாசித்துச் சொல்வான், பதிலும் அவனே எழுதுவான், இலக்கணச் சுத்தமாக, அளத்துக்குப் போகிற அம்மா தலைமையாசிரியர் ஆகிவிட்டதுபோல. அதனால் கார்டின் ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டு அதில் நான் படம் போடுவேன். ஒரு மீன் போட்டால் கருவாடு வேண்டும், வட்டம் போட்டால் கடலை மிட்டாய், சீப்பு போட்டால் தலையில் பேன். அதை மட்டும் அம்மா யாரிடமும் கொடுக்காமல் தானே வாசிப்பாளாம். அந்த ஞாயிற்றுக்கு அப்புறம் எழுதிய கார்டில், பக்கத்துப் பாய்க்காரி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, பென்சிலைப் பிடுங்கி, என் மீனுக்குப் பக்கத்தில் கொஞ்சம் பெரிய மீனாக இன்னொன்று போட்டாள். அடுத்த மாதம் அம்மா இரண்டு பொட்டலம் கொண்டுவந்தாள், அவளுடையது கொஞ்சம் பெரிசு. நான் மூன்று நாள் அவளோடு பேசவில்லை.

ஐப்பசி பிறந்தால் அம்மா வரமாட்டாள். சின்ன வயதில் எனக்கு அது விளங்கவே இல்லை. புரட்டாசி வரைக்கும் தவறாமல் வருகிறவள் மழைக்காலம் முழுக்கக் காணாமல் போய்விடுவாள், தைக்கு அப்புறம் ஒருநாள் இன்னும் மெலிந்து, புதுச் சேலை எதுவும் இல்லாமல் வந்து நிற்பாள். மழை பிடிக்காது போல என்று நினைத்துக்கொள்வேன். பாத்தியில் மழைத்தண்ணீர் நின்றால் உப்பு விளையாது, அளத்தில் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் கூலி இல்லை, கூலி இல்லாமல் பஸ் ஏற முடியாது என்கிற கணக்கு புரிய ரொம்ப வருஷம் ஆயிற்று. இப்போது அந்த மழை மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர்களுக்கு அரசு 5000 ரூபாய் நிவாரணம் கொடுக்கிறது. அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்த அன்றைக்கு, எனக்கு முதலில் தோன்றியது பஸ் டிக்கெட்தான்.

அப்படி ஒரு கார்த்திகை மழையில்தான் நான் பெரியவளானேன். போர்டிங்கில் அதற்கென்று இருந்த ஏற்பாடு சிக்கனமானது, ஒரு தனிப் பாய், ஒரு வாரத்துக்குக் காலையில் ஒரு முட்டை, 'பயப்படாதே' என்று வார்டனக்காவின் ஒரு வார்த்தை. அம்மாவுக்குக் கார்டு போட்டார்கள், அது எப்போது போய்ச் சேர்ந்ததோ. பாய்க்காரிதான் பின்பக்கச் சுவர் ஏறிப் போய் ஆச்சியிடம் சொல்லிவிட்டாள்.

ஆச்சி வீடு சுவருக்கு அந்தப் பக்கம். பனையேறுகிற குடும்பம், ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து நாள் முழுக்க ஓலைப்பெட்டி முடைவாள். மாசி, பங்குனியில் பதநீ காய்ச்சுகிற மணம் சுவரைத் தாண்டி எங்கள் படிப்பறைக்குள் வந்துவிடும், அந்த இரண்டு மாதமும் ஒருத்திக்கும் கணக்கு மண்டையில் ஏறாது. ஞாயிறு பள்ளி முடிந்து வரிசையாகத் திரும்பும்போது ஆச்சி எங்களைக் கூப்பிட்டு ஓலைப் பட்டையில் பதநீ ஊற்றிக் கொடுப்பாள், தைக்கு அவித்த பனங்கிழங்கு. வாங்கப் போனால் ஒரே கேள்விதான்: "நீ யாரு பிள்ளைட்டி? எந்த ஊரு?" அந்தப் பக்கத்தில் ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்ள அதுதான் முதல் கேள்வி. நாங்கள் எல்லாம் தூத்துக்குடி, சாத்தான்குளம் என்று கத்துவோம். பாய்க்காரி முதல் தடவை கோவில்பட்டி என்றாள், அடுத்த தடவை மெட்ராஸ், இன்னொரு தடவை சிலோன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தாள். ஆச்சிக்கு ஞாபகம் ஒன்றும் மோசமில்லை. "சும்மா ஊர் ஊராச் சுத்தாத, இனிமே யாராவது கேட்டா இந்த ஊருன்னு சொல்லு, நம்ம ஆச்சி வீட்டுப் பிள்ளைன்னு சொல்லு" என்று பட்டையில் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.

அந்தக் கார்த்திகை மழையில் ஆச்சி தலையில் ஒரு பனையோலையைக் கவிழ்த்துக்கொண்டு, சீலைக்குள் ஒரு தூக்குச்சட்டியை மறைத்துக்கொண்டு வந்தாள். கறுப்பு உளுந்தும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டிய களி, மேலே குளம் கட்டி நின்ற நல்லெண்ணெய். வார்டனக்கா முதலில் வெளிச் சாப்பாடு கூடாது என்றுதான் சொன்னார். ஆச்சி அதைக் காதில் வாங்கினதாகவே காட்டிக்கொள்ளாமல் என் முன்னால் உட்கார்ந்து, களியை உருட்டி நடுவில் குழித்து எண்ணெய் விட்டு, "வாயத் தொறட்டி, இடுப்பு எலும்பு பலக்கணும்" என்று ஊட்டினாள். எனக்கு எண்ணெய் குமட்டியது. ஆச்சி திரும்பின நேரத்தில் பாதியைப் பாய்க்காரியின் வாயில் திணித்தேன், அவளுக்குப் பெரியவளாகாமலேயே இடுப்பு எலும்பு பலத்தது. நாலு நாள் தொடர்ந்து வந்தாள் ஆச்சி. ஐந்தாம் நாள் வார்டனக்காவே கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஆச்சி, எனக்கும் ஒரு உருண்டை மிச்சம் வைங்க" என்றார்.

போர்டிங்குக்கு வேறு விருந்தாளிகளும் வருவார்கள். திருநெல்வேலியிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ காரில் ஒரு குடும்பம் வந்து இறங்கும், அவர்கள் குழந்தைக்கு அன்றைக்குப் பிறந்தநாள். முன்பின் பார்த்திராத அந்தக் குழந்தைக்காக நாங்கள் வரிசையில் நின்று பாட்டுப் பாடுவோம், அது எங்கள் கூட்டத்தைப் பார்த்து மிரண்டு வீறிட்டு அழும். பாயசமும் வடையும் உண்டு, போட்டோவும் உண்டு, போட்டோவில் சிரிக்கச் சொல்வார்கள். பாயசத்தை நான் குறை சொல்லவே மாட்டேன், முந்திரிப் பருப்புப் போட்ட பாயசம் அது. ஆனால் அவர்களில் யார் முகமும் எனக்கு இன்றைக்கு ஞாபகம் இல்லை, ஒரே ஒரு தம்பதியைத் தவிர. அவர்கள் வருஷா வருஷம் அதே தேதியில் தங்கள் மகளோடு வருவார்கள். அந்தப் பெண் கைக்குழந்தையாக இருந்து, நடந்து, பல் விழுந்து, கவுனிலிருந்து பாவாடைக்கு மாறியதை நாங்கள் பார்த்தோம், எங்கள் சடை நீண்டதை அவர்கள் பார்த்திருப்பார்கள். ஒரு வருஷம் அந்த அம்மா என்னைப் பார்த்து, "போன தடவை உனக்குக் கைமுறிஞ்சு கட்டுப் போட்டிருந்துச்சே, சரியாயிட்டா?" என்று கேட்டார். எனக்கு ஆச்சரியத்தில் பேச்சே வரவில்லை. இல்லங்களுக்கு உதவ வேண்டும் என்று யாராவது என்னிடம் யோசனை கேட்டால், என்ன கொடுக்கலாம் என்பதற்கு நான் பதில் சொல்வதில்லை. அடுத்த வருஷமும் போவீர்களா என்றுதான் கேட்பேன்.

ஊரோடு எங்களை ஒட்ட வைத்தது மார்கழிக் குளிரும் அசனச் சாப்பாடும். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ராத்திரி ராத்திரியாகப் பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பாடுவோம். வீட்டுக்காரர்கள் தூக்கக் கலக்கத்தோடு கதவைத் திறந்து கருப்பட்டிக் காப்பியும் முறுக்கும் தருவார்கள். எந்த வீட்டில் முறுக்கு கனம், எந்த வீட்டில் பேருக்கு ஆளுக்கு அரை என்பதெல்லாம் எங்களுக்கு மனப்பாடம். கோயில் பண்டிகைக்கு அசனம் என்றால் ஊரே ஒரே பந்தியில் உட்காரும், சட்டி சட்டியாக ஆட்டுக்கறிக் குழம்பு, பள்ளிக்கூடத்தில் 'போர்டிங்காரி' என்று என்னை ஒதுக்குகிற அதே வீட்டுப் பிள்ளைகள் பக்கத்து இலையில். சத்துணவு வந்து ஓரிரு வருஷம் ஆகியிருந்த காலம் அது, பள்ளியில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவது புதுப் பழக்கம். எங்களுக்கு மட்டும் அது ரொம்பப் பழசு.

மே மாத லீவுக்கு வீட்டுக்குப் போவதுதான் இருப்பதிலேயே சிரமம் என்று சொன்னால் நம்புவீர்களா? அம்மா எழுந்து அளத்துக்குப் போன பிறகு மணி அடிக்காமலேயே ஐந்துக்கு எழுந்து பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். தெருப் பிள்ளைகளின் பெயர்கள் மறந்துபோயிருக்கும். அம்மா வந்ததும், "தண்ணி குடிச்சுக்கிடட்டுமா?" என்று கேட்டேன் ஒருநாள். அவள் முதலில் சிரித்தாள். அப்புறம் குடத்தை நகர்த்தி என் காலடியிலேயே வைத்துவிட்டு, அடுப்புப் பக்கம் திரும்பி ரொம்ப நேரம் ஊதாங்குழலால் ஊதிக்கொண்டிருந்தாள். அடுப்பு ஏற்கெனவே நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

அடுத்த வருஷ லீவுக்கு அம்மா ஆபீஸில் கைநாட்டு வைத்துப் பாய்க்காரியையும் கூட்டிக்கொண்டு வந்தாள். இந்தக் காலத்தில் அப்படி ஒரு கைநாட்டில் பிள்ளையை அனுப்ப முடியாது, குழந்தைகள் நலக் குழு விசாரித்து உத்தரவு போட வேண்டும். அது நல்லதுதான், கூட்டிப் போகிறவர்கள் எல்லாரும் என் அம்மாவாக இருப்பதில்லை. 2015-ஆம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டம், வேறு வழியே இல்லாதபோதுதான் பிள்ளையை இல்லத்தில் வைக்க வேண்டும் என்கிறது. பிள்ளை சொந்த வீட்டிலேயே வளர, வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4000 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "அப்பவே குடுத்திருந்தா உன்ன அங்க விட்டிருக்க மாட்டனே" என்றாள். கொஞ்சம் யோசித்து, "அப்போ இவள எங்க போய்த் தேடியிருப்பேன்?" என்று பாய்க்காரியைக் காட்டினாள்.

பாய்க்காரி அந்த ஊரிலேயே ஒரு கொத்தனாரைக் கட்டிக்கொண்டாள். நிச்சயம் பேச வந்தவர்கள் பெண்ணுக்குத் தாய்மாமன் யார் என்று கேட்டார்கள். ஆச்சியின் மூத்த மகன், எங்களுக்குச் சுவருக்கு மேலாக நுங்கு எறிவாரே அவர்தான், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நான்தான்" என்றார். கூறைச்சேலை அவர் செலவு. தாயாக நிற்க அம்மாவைக் கூப்பிட்டபோது, தாலி இல்லாதவள் முன்னால் நிற்கக் கூடாது என்று அவள் பந்தலின் கடைசிக் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். மணப்பெண் மாலையோடு எழுந்து போய், ஒரு காலத்தில் அடிபம்படியிலிருந்து தன்னை இழுத்து வந்த அதே கையைப் பிடித்து இழுத்து வந்தாள். நான் பக்கத்தில் இரவல் பட்டுச்சேலையில் நின்று, என்னுடைய கல்யாணத்துக்கும் அம்மா இப்படிக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று கொஞ்சம் பொறாமையாக நினைத்துக்கொண்டேன்.

ஆச்சி இப்போது இல்லை. அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது, வெள்ளை உப்பில் பட்ட வெயிலையே பார்த்து வருஷக்கணக்காக வேலை செய்த கண். திருநெல்வேலியில் என் வீட்டில் ஒரு மாதம் இருந்தால் மாடிப்படி ஆகவில்லை, தண்ணி சேரவில்லை என்று ஏதாவது சொல்லிக்கொண்டு பாய்க்காரி வீட்டுக்குப் போய்விடுகிறாள். சாளைக் குழம்பு அவள் வைத்தால்தான் குழம்பாம். போன தடவை நான் விடாப்பிடியாக, அம்மாவின் பெயரை ரேஷன் கார்டில் எங்கள் வீட்டுக்கு மாற்றிவிடலாம் என்று ஆரம்பித்தேன், ஏனென்றால் பல வருஷமாக அந்தப் பெயர் அவள் வீட்டு அட்டையில்தான், தாயார் என்று போட்டு இருக்கிறது. பாய்க்காரி மீன் அலசிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"பேர எல்லாம் எடுக்க முடியாது. உனக்கு வேணும்னா நீயும் எங்க கார்டுல வந்து சேந்துக்க" என்று சொல்லிவிட்டு, செதில் பறக்க மறுபடி அலச ஆரம்பித்தாள்.